மலைநாட்டு ரத்தமும் ஒரு தயிர்சாத அண்டாவும்

மலைநாட்டு ரத்தம் என்று தனியாக ஒரு ரத்தம் கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஏ, பி, ஓ என்றுதான் சொல்வார்கள். அப்படியே ஒன்று இருந்தாலும் அதற்கு வீட்டு அஸ்திவாரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. இதை நான் நாற்பது பேர் முன்னிலையில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றபடி தெரிந்துகொண்டேன்.

என் அப்பா இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவர். இளவயதில் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, அங்கேயும் கால் ஊன்ற முடியாமல் மறுபடி கப்பலேறி, லிட்டில் அந்தமானில் ஹட் பே பாமாயில் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பிறந்தது அங்கேதான். எங்கள் குடியிருப்பு இருந்த பக்கம் தோசைக்கல் மாதிரி தட்டை. சின்ன வயதில் நான் ஏறிய பெரிய உயரம் கப்பல் ஏணிதான். ஆனால் வீட்டில் பேச்செல்லாம் மலையைப் பற்றி. "நாங்க ஏறாத மலையா, எறங்காத பள்ளமா" என்று ஆரம்பித்தால் அப்பா சோறு ஆறும்வரை நிறுத்த மாட்டார். கேட்டுக் கேட்டு, தேயிலைச் செடியைக் கண்ணால்கூடப் பார்க்காத எனக்கும் நான் ஒரு மலைநாட்டான் என்ற நினைப்பு ஏறிவிட்டது. (தேயிலை எனக்குப் பொட்டலத்தில்தான் பழக்கம்.)

வளர்ந்து, போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் குமாஸ்தா ஆனேன். "வெதர் சரியில்லை, சர்வீஸ் கேன்சல்" என்று கண்ணாடித் துளை வழியாகச் சொல்வது வேலையில் பாதி. திட்டு வாங்குவது மீதிப் பாதி. பிரேமாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் போர்ட் பிளேர்க்காரி. தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். மழைக்காலத்தில் கூரை எங்கே ஒழுகுகிறதோ அதற்குத் தகுந்தபடி கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுப்போம்.

அவளுக்கு நான்காவது மாதம் நடந்தபோது வண்டூர் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் அமைந்தது. "கடல் தெரியும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். தெரிந்தது உண்மை. அத்தனை சரிவான நிலத்தில் கடல் தெரியாமல் இருக்க வழியே இல்லை. முன்பக்கம் சாலைக்குச் சமம். பின்பக்கம் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால், சாலையோரம் கழற்றி வைத்த என் செருப்பு தலைக்கு மேலே தெரிந்தது. அதற்கும் கீழே அடுத்தவர் பாக்குத் தோப்பு.

பிரேமா நிலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஆஸ்பத்திரியில இருந்து புள்ளைய நேரா நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வரணுங்க. அந்த ஒழுகுற கூரைக்கு அடியில வேணாம். முடியுமா?"

"முடியுமாவா? நான் யாரு?" என்றேன். (யார் என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது.)

வேலைக்கு வந்த மிஸ்திரியின் பெயர் நித்தாய். திக்லிபூர் பக்கத்து வங்காளி. என்னைவிட ஆறேழு வயது சின்னவன், அது ஒன்றே அவன் பேச்சைக் கேட்காமல் இருக்க எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கட்டித் தமிழையும் ஹிந்தியையும் குழைத்துப் பேசுவான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சைக் கோலிக்குண்டு இருக்கும். ரசமட்டமெல்லாம் வைத்திருந்தான், ஆனாலும் கடைசியில் தரையில் கோலிக்குண்டை வைத்துப் பார்த்து, அது ஓடாமல் நின்றால்தான் மட்டம் என்று ஒப்புக்கொள்வான்.

இஞ்சினியர் போட்ட படத்தை அவன் விரித்தான். அதில் அஸ்திவாரம் சரிவோடு சரிவாகப் படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு தூணும் பழைய கெட்டி மண்ணைத் தொடும்வரை கீழே போயிருந்தது. கடல் பக்கத்துத் தூண்கள் மட்டும் ஆள் உயரத்துக்கு வெளியே தெரிந்தன. எல்லாவற்றையும் பீம் போட்டுப் பிணைத்து, அதற்கு மேலேதான் தரை ஸ்லாப்.

"இது வீடா, பன்னி வெரட்டுற பரணா?" என்று சிரித்தேன்.

"சரிவு ஜமீன்ல, சரிவு நிலத்துல இப்படித்தான் அண்ணா. இங்கே பூகம்பமும் ஆத்தா ஹை, வரும். எல்லாக் காலும் பக்கா மண்ணுல நிக்கணும்."

எனக்கு மனதில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. சாலையிலிருந்து கடல் பக்கம்வரை ஒரே சமதளம், அதன் மேல் ஒரு வீடு, கடல் பக்க அறையில் தொட்டில், தொட்டிலுக்குக் கடல் காற்று. பரணில் தொட்டில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே ஹட் பேக்குப் போன் போட்டு அப்பாவைக் கேட்டேன்.

"அப்பா, அங்க மலையில சரிவ எப்படிச் சமப்படுத்துவீங்க?"

அப்பாவுக்கு இதைவிட இனிப்பான கேள்வியை யாரும் கேட்டதில்லை. "அது ஒரு பெரிய வேலையாடா? மேல வெட்டு, வெட்டுன மண்ண கீழ தள்ளு. ஓரத்துல கட்டையப் போட்டு அணைச்சிரு. பலகை மாதிரி நிக்கும். அந்தத் தள்ளுன பொதுமண்ணு இருக்கே, பொலபொலன்னு, அதுல வச்சுப் பாரு, தளதளன்னு வரும்!"

தளதளவென்று எது வரும் என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாலு தலைமுறை அனுபவம் போன் வழியாகக் கிடைத்துவிட்ட பூரிப்பில் இருந்தேன். இஞ்சினியர் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்தேன்.

ஜேசிபி வந்தது. மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி, தோப்புப் பக்க ஓரத்தில் தென்னங்கட்டைகளை அடுக்கி அணை கொடுத்தோம். இரண்டே நாளில் சரிவு காணாமல் போய், பந்து விளையாடலாம் போல ஒரு மைதானம் வந்தது. நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

நித்தாய் வந்து பார்த்தான். குதிகாலால் கீழ்ப்பாதியில் ஒரு மிதி மிதித்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, ஒரு காலு இங்கே வெட்டின பக்கம் வை. ஒரு காலு அங்கே கொட்டின பக்கம் வை. ரெண்டு மினிட் குதி."

குதித்தேன். இடது கால் அப்படியே இருந்தது. வலது கால் கணுக்கால்வரை உள்ளே போனது. முதலாளி என்ற மரியாதையை ஒற்றைக் காலில் வைத்துக்கொள்வது கஷ்டம். அவன் தோளைப் பிடித்துத்தான் காலை உருவினேன்.

"ஒரே ஸ்லாப்பு, அடியில ரெண்டு மண்ணு. இது பக்கா, அது கச்சா. மேலே நிக்கும், கீழே எறங்கும். பீச் மே டூட்டேகா, நடுவுல ஒடையும். மேல இருந்து வர்ற தண்ணிக்கு நாலாவும் நஹி, வடிகாலே இல்ல. அதுவும் உள்ளே போகும்."

"என் செருப்பு சரியில்ல" என்றேன். "நித்தாய், எங்க ஆளுங்க நாலு தலைமுறையா சரிவுலயே பொழச்சவங்க. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே எங்கப்பா மலைய வெட்டிச் சமமாக்குனவரு."

அவன் கீழ்ப்பாதி மண்ணை ஒரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்தான். "டீக் ஹை" என்றான் பிறகு. "ஸ்லாப் போடறேன். செவுரு வைக்க மாட்டேன். ஒரு மாசம் நல்லா மழை பெய்யட்டும். நின்னுச்சுன்னா நானே வந்து செவுரு எழுப்பறேன். அண்ணிக்கு டெலிவரிக்கு முன்னாடி முடிச்சுத் தர்றேன், பக்கா."

வேறு மிஸ்திரியைத் தேட நேரமில்லை. சரி என்றேன்.

ஸ்லாப் ஊற்றும் நாளை இங்கே எல்லோரும் டலாய் என்பார்கள். அக்கம்பக்கம் கை கொடுக்க, வீட்டுக்காரன் பிரியாணி போடுவது வழக்கம். நித்தாய் ஒரே நாளில் முடிக்காமல் முதல் நாள் மேல்பாதி, மறுநாள் கீழ்ப்பாதி என்று ஊற்றினான். கேட்டால் மணல் பத்தவில்லை என்றான். அந்தமானில் மணல் பத்தவில்லை என்றால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. இங்கே கப்பல் டிக்கெட் கிடைத்தாலும் மணல் கிடைக்காது. (டிக்கெட் கொடுக்கிறவனே சொல்கிறேன்.) இரண்டு பாதிக்கும் நடுவில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் தாளை நிறுத்தி வைத்ததும், கம்பிகளை அந்தக் கோட்டோடு நிறுத்திக்கொண்டதும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அன்று நான் பிரியாணி மேற்பார்வையில் இருந்தேன்.

மழை இறங்கியது. ஒருநாள் வேலை முடிந்து போகிற வழியில் நித்தாய் வந்து கீழ்ப்பாதியில் கோலிக்குண்டை வைத்தான். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, மெதுவாகக் கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

"காத்து அடிக்குதுல்ல" என்றேன்.

அவன் கோலிக்குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது குடும்பத்துக்குள்ளேயே முடிந்திருக்கும். பிரேமாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. அவள் அம்மா போர்ட் பிளேரில் சின்னதாக ஒரு ஹால் பார்க்கலாம் என்றார்.

"ஹால் எதுக்கு அத்தை? நம்ம வீடு இருக்கே" என்றேன்.

"வீடெங்க இருக்கு? தரைதான இருக்கு?" என்றாள் பிரேமா.

"தரைதான் வீடு. செவுரெல்லாம் ஒரு சம்பிரதாயம்."

என் புத்தியை வர்ணிக்க இந்த ஒரு வசனம் போதும். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கடலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து வளையல் போட்டுக்கொள்கிற ஆசையில் சம்மதித்தாள். அவள் என்னை நம்பினாள். இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்கிறது.

வளைகாப்புக்கு முந்தைய வாரம் முழுக்க மழை. அன்று காலை மட்டும் பளிச்சென்று வெயில் அடித்தது. கடவுளே என் பக்கம் என்று எண்ணிக்கொண்டேன். மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டி, கீழ்ப்பாதியில் கடலைப் பார்த்த மாதிரி பிரேமாவுக்கு அலங்கார நாற்காலி போட்டேன். அவளைச் சுற்றி விருந்தாளி நாற்காலிகள், சாப்பாட்டு மேஜைகள், புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்ச்சாதம், தயிர்சாதம் என்று நாலு அண்டா. அப்போதுதான் ஸ்லாப்பின் நடுக்கோட்டில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருப்பதைப் பார்த்தேன். கீழ்ப்பாதி மேல்பாதியைவிட ஒரு விரற்கடை தாழ்ந்தும் இருந்தது.

அப்போது நான் செய்த காரியத்தை இத்தனை வருடம் கழித்தும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாடகைக்கு வாங்கிய சிவப்புக் கம்பளத்தை அதன் மேல் விரித்தேன்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹட் பேயிலிருந்து முந்தின நாள் கப்பலில் அப்பா வந்திருந்தார். எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா வந்தார். அவரை எல்லோரும் படா பாபு என்போம். பதவியும் பெரிது, ஆளும் பெரியவர். காற்று வரும் என்று கடல் பக்கத்துக் கடைசி நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். நித்தாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு டஜன் வாழைப்பழத்தோடு வந்தான். வந்ததும் குனிந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். திரும்பவும் போட்டான். என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் அவசரமாக யாருக்கோ பன்னீர் தெளிக்கப் போனேன்.

அவன் என்னிடம் வரவில்லை. நேராக என் மாமியாரிடம் போனான். "அம்மா, இங்கே காத்து ஜாஸ்தி. வெளக்கு அணைஞ்சிடும். அண்ணி குர்சிய மேலே போடலாமா?"

வளைகாப்பில் விளக்கு அணையும் என்ற பேச்சைக் கேட்ட மாமியார் என்னிடம் அபிப்பிராயம் கேட்பாரா? அரை நிமிடத்தில் அலங்கார நாற்காலி, குத்துவிளக்கு, தாம்பாளங்கள், கர்ப்பிணி எல்லாம் மேல்பாதிக்குப் போய்விட்டன. வளையல் போடக் காத்திருந்த பெண்கள் பாதிப்பேரும் பின்னாலேயே போனார்கள். கடல் தெரிகிற என் திட்டத்தை ஒரு மிஸ்திரி கெடுத்துவிட்டானே என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

ஏழு பேர் வளையல் போட்டு முடித்திருந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு கீழ்ப்பாதிக்கு இறங்கி வந்தேன். வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. சாலைப் பக்கத்திலிருந்து தண்ணீர் ஓடி வந்து கம்பளத்துக்கு அடியில் காணாமல் போனது. இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே புளிசாத அண்டா மேலிருந்த கரண்டி தானாக நழுவி விழுந்து, தரையில் சறுக்கிக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது. அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அப்புறம் ஒரு எலுமிச்சம்பழம்.

"குமார்" என்றார் படா பாபு, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "யே கர் ஹை, யா ஜஹாஸ்?"

இது வீடா, கப்பலா என்று கேட்டார். அவர் நாற்காலியின் பின்கால்கள் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தன. சிவப்புக் கம்பளம் நடுவில் விறைத்து, ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக நின்றது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் படி விழுந்திருந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லத்தான் வேண்டும். அசையாமல் நின்று, எதிரே இருந்தவருக்குச் சந்தனத்தை நீட்டினேன்.

நித்தாய்தான் ஓடி வந்தான். மேல்பாதியின் விளிம்பில் காலை அகட்டி நின்றுகொண்டு, "ஆராம் ஸே! ஓடாதீங்க! ஒருத்தர் ஒருத்தரா வாங்க!" என்று கத்தினான். குழந்தைகளை முதலில் வாங்கினான். பிறகு பெண்கள், பிறகு வயதானவர்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தூக்கி மேலே விட்டான். கடைசியாகப் படா பாபு. அவரை அவன் இழுக்க, நான் கீழிருந்து முட்டுக் கொடுத்தேன். (என் உத்தியோக வாழ்க்கையில் மேலதிகாரிக்கு நான் கொடுத்த பெரிய ஒத்தாசை அதுதான்.) பிறகு என் பட்டு வேட்டியைக் கொத்தாகப் பிடித்து என்னையும் தூக்கினான்.

நான் மேலே வந்து திரும்பிப் பார்த்தேன். தென்னங்கட்டைகள் ஒவ்வொன்றாக விலகின. பெரிய சத்தமெல்லாம் இல்லை. சலித்துப்போன ஒருவர் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு கீழ்ப்பாதி ஸ்லாப் மூன்று துண்டாக உடைந்து, மேஜை நாற்காலிகளோடு சேறும் சகதியுமாக இறங்கிப் போனது. மூன்று அண்டாக்கள் சேற்றில் புதைந்து நின்றன. தயிர்சாத அண்டா மட்டும் நிற்கவில்லை. அது சாய்ந்து, படுத்து, உருள ஆரம்பித்து, வழியெல்லாம் வெள்ளையாக வாரி இறைத்துக்கொண்டு பாக்குத் தோப்புக்குள் போய் மறைந்தது. நாற்பது பேரும் அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. காணாமல் போனது படா பாபுவின் ஒரு செருப்பு மட்டும்.

பிரேமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இரண்டு கன்னத்திலும் சந்தனம், இரண்டு கையிலும் வளையல். கீழே திறந்து கிடந்த பள்ளத்தைப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"தொட்டிலு அங்கதான கட்டணும்னு சொன்னீங்க?"

சுவர் எழுப்பி, கூரை போட்டு, அந்த அறையில் அவளையும் குழந்தையையும் படுக்க வைத்திருப்பேன். ஒரு மாசம் மழை பெய்யட்டும் என்று ஒருவன் பிடிவாதம் பிடித்திராவிட்டால் நிச்சயம் அதைத்தான் செய்திருப்பேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து வந்தவர் அப்பா. விளிம்புவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏன்டா, கான் வெட்டலியா?"

தேயிலை மலையில் வடிகாலைக் கான் என்பார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் உள்ளே இறங்காமல் சுற்றிக்கொண்டு போக, சரிவில் முதலில் வெட்டுவதே கான்தானாம்.

"நீங்க சொல்லவே இல்லையேப்பா. மேல வெட்டு, கீழ தள்ளுன்னு மட்டும்தான சொன்னீங்க?"

"கான் வெட்டாம யாருடா செடி வப்பாங்க?"

"செடியா?"

"பின்ன? சரிவ எப்படிச் சமப்படுத்துவீங்கன்னு கேட்ட. கன்னு வக்கத்தான் கேக்குறியாக்கும்னு நெனச்சேன். வீட்டையா அந்தப் பொதுமண்ணு மேல கட்டுன? நாங்க குடியிருந்த லயத்தையெல்லாம் தொரைமாருங்க கல்லு தட்டுற வரைக்கும் தோண்டித்தான்டா கட்டுனாங்க. பொதுமண்ணுல வீடு கட்ட எந்த மடையனாலயும் ஏலாது!"

முதலில் சிரித்தது பிரேமா. கண்ணில் நீர் நிற்க, வளையல்கள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு படா பாபு, பிறகு எல்லோரும். மாமியார் மட்டும் சிரிக்காமல், "மிச்ச வளையலப் போடுங்கடி, நல்ல நேரம் போகுது" என்றார். மழைக்கு ஒதுங்கி, பாதித் தரையில் நெருக்கியடித்து நின்றுகொண்டு வளைகாப்பை முடித்தோம். விருந்தாக நித்தாய் கொண்டுவந்த வாழைப்பழத்தை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தோம்.

எல்லோரும் போன பிறகு மன்னிப்புக் கேட்க நித்தாயிடம் போனேன். அவன் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, மேல்பாதியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். கத்தியால் நறுக்கிய மாதிரி நேராக இருந்தது. ஒரு விரிசல்கூட உள்ளே ஏறவில்லை.

"மணல் இருந்துச்சு அண்ணா" என்றான், தலையைத் தூக்காமல். "ஒண்ணாப் போட்டிருந்தா அது போகும்போது இதையும் இழுத்துட்டுப் போகும். அண்ணா கேக்க மாட்டாருன்னு தெரியும். பாதியாவது அண்ணிக்கு நிக்கட்டும்னுதான் ரெண்டு கட்டமாப் பிரிச்சேன்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதில் நகைச்சுவை எதுவும் இல்லை. அவன் பிரித்து வைத்ததால் நின்ற அந்தப் பாதியில்தான் என் மனைவியும், பிறக்காத என் மகளும் அப்போது இருந்தார்கள்.

மறுநாள் அலமாரி மேலிருந்த படம் கீழே வந்தது. சரிந்த மண்ணுக்குள் தோண்டி, பழைய கெட்டி மண் தட்டும்வரை போய்ப் படிப்படியாக அஸ்திவாரம் இறக்கினோம். ஆள் உயரத் தூண்கள் எழும்பின, பீம்கள் பிணைந்தன, சாலைப் பக்கம் அப்பாவே கயிறு பிடித்து நின்று கான் வெட்ட வைத்தார். மகள் மதி ஆஸ்பத்திரியிலிருந்து ஒழுகுகிற கூரைக்குத்தான் வந்தாள். பிரேமா கேட்ட அந்த ஒன்றை என்னால் கொடுக்க முடியவில்லை. அது இன்னும் எனக்குக் குறைதான். எட்டாவது மாதத்தில் தவழ்ந்துகொண்டே புதுவீட்டுக்குள் நுழைந்தாள்.

வீடு கட்டி ஆறு வருடம் ஆகிறது. இரண்டு முறை நிலம் நன்றாகவே ஆடியது, வீடு நின்றது. உடைந்த ஸ்லாப்பை அப்புறப்படுத்திய இடத்தில் மிஞ்சிய பொதுமண்ணில் அப்பா கத்தரியும் மிளகாயும் வாழையும் வைத்திருக்கிறார். எல்லாம் தளதளவென்று வருகின்றன. வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார். ஆபீஸில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், "வெதர் பார்த்துக்கோ குமார்" என்கிறார் படா பாபு. வீட்டில் "எனக்குத் தெரியாதா?" என்று நான் வாயெடுத்தால் போதும், பிரேமா சிவப்புக் கம்பளம் வேண்டுமா என்று கேட்பாள்.

மதியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நித்தாய் திக்லிபூரில் வேலை இருந்தாலும் விட்டுவிட்டு, நாள் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்துவிடுவான். கேக் வெட்டுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. கடல் பக்கத்து அறையில், தொட்டில் கொக்கிக்கு நேர் கீழே, அந்தப் பச்சைக் கோலிக்குண்டைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். வீடா கப்பலா என்று தெரிந்துகொள்ளப் படா பாபு போனில் காத்திருப்பார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மதி குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

குண்டு அசையாது.

"ஷிப் கேன்சல்!" என்று கத்துவாள் மதி. போனில் படா பாபு கை தட்டுவது கேட்கும். பிரேமா தயிர்சாதத்தைக் கொண்டு வந்து வைத்து, முதல் உருண்டையை நித்தாய்க்குக் கொடுப்பாள்.